ஜன்னலில் கட்டிய குழாய்கள்: ஆன்ட்வெர்ப் மக்கள் தங்கள் காற்றை அளந்த கதை

பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரில் ஓடும் ஆர்1 நெடுஞ்சாலை பெயருக்குத்தான் சுற்றுச்சாலை. ஊருக்கு வெளியே ஒதுங்கி ஓடுகிற சாலை அல்ல அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டிய கோட்டை அரணும் அகழியும் இருந்த வளையத்தின் மேல் 1960-களில் போடப்பட்டது. அரணுக்கு வெளியே இருந்த போர்கர்ஹவுட், பெர்கம், டேர்ன போன்ற பகுதிகளெல்லாம் அதற்குள் நகரத்தோடு கலந்துவிட்டிருந்தன. அதனால் சாலை நகரத்தின் நடுவிலேயே வந்து விழுந்தது. அதன் ஓரத்தில் வீடு இருக்கிறது, பள்ளி இருக்கிறது, விளையாட்டு மைதானம் இருக்கிறது. ஒரு நாளைக்கு 2 லட்சத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் அதில் போகின்றன. பக்கத்திலேயே ஐரோப்பாவின் இரண்டாவது பெரிய துறைமுகம் இருப்பதால் அவற்றில் கண்டெய்னர் லாரிகள் ஏராளம்.

இந்த வளையம் முழுமையானதும் அல்ல. வடமேற்கில் ஒரு பகுதி திறந்தே கிடந்தது. ஷெல்ட் ஆற்றைக் கடந்து மேற்கே போகிற வண்டிகள் பெரும்பாலும் 1969-ல் திறந்த கென்னடி சுரங்கப்பாதையில்தான் போய் நெருக்கின. அந்த இடைவெளியை மூடப் போகிறோம் என்று அரசு சொன்னபோதுதான் எல்லாம் தொடங்கியது.

தொடங்கியது காற்றை அளக்கும் இயக்கமாக அல்ல, ஒரு பாலத்தை எதிர்க்கும் இயக்கமாக. இந்த நிகழ்வில் எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான். முதலில் ஒரு கோரிக்கை வந்தது, அளவு அதற்குப் பின்னால் வந்தது. மக்கள் கண்காணிப்பு என்றால் நாலு சென்சார் வாங்கி மாடியில் மாட்டி, எண்ணை வலைப்பக்கத்தில் போடுவது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். ஆன்ட்வெர்ப்பில் நடந்தது வேறு.

ஒரு பாலமும் ஒரு வாக்கெடுப்பும்

ஓஸ்டர்வேல் இணைப்பு என்று பெயரிட்ட அந்தத் திட்டத்தின் மையம், துறைமுகப் பகுதிக்கு மேலே வானளாவ எழும் ஓர் இரட்டை அடுக்குப் பாலம். ஆன்ட்வெர்ப் நாட்டுப்புறக் கதைகளில் வரும் லாங்க வாப்பர் என்ற நெடிய உருவத்தின் பெயரையே அதற்கு வைத்தார்கள். ஸ்ட்ராட்டன்-கெனரால் என்ற குடிமக்கள் குழு 2005-ல் அரசின் பாதைக்கு மாற்றாகத் தானே ஒரு பாதையை வரைந்து கொடுத்தது. "வேண்டாம்" என்று மட்டும் சொல்லாமல் "இப்படிப் போடலாம்" என்று வரைபடம் நீட்டியது. சாலைத் திட்டங்களை எதிர்க்கிற குழுக்கள் இதைச் செய்வது அபூர்வம். செய்தவுடன் பேச்சின் தரமே மாறிவிட்டது. பொறியாளர்கள் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

2008-ல் இன்னொரு குழு சேர்ந்தது. அதன் பெயர் ஆதெம்லோஸ், அதாவது மூச்சற்றவர்கள். அதைத் தொடங்கிய விம் வான் ஹேஸ் விளம்பரத் துறையிலிருந்து வந்தவர். அதுவரை கான்கிரீட், செலவு, சாலை நெரிசல் என்று போய்க்கொண்டிருந்த விவாதத்தில் நுண்துகள், நுரையீரல், குழந்தைகள் என்ற சொற்களைக் கொண்டுவந்தது இந்தக் குழுதான். இரண்டு குழுக்களும் சேர்ந்து கையெழுத்துத் திரட்டின. 2009 அக்டோபர் 18 அன்று நகர அளவில் பொது வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்களில் ஏறக்குறைய 59 சதவீதம் பேர் திட்டத்துக்கு எதிராக வாக்களித்தார்கள். வந்து வாக்களித்தவர்கள் தகுதி உள்ளவர்களில் மூன்றில் ஒரு பங்குதான், அந்த முடிவு யாரையும் சட்டப்படி கட்டுப்படுத்தவும் இல்லை. ஆனாலும் பாலம் அதோடு போயிற்று. 2010-ல் பெல்ஜியத்தின் வடக்கே டச்சு மொழி பேசும் மாநிலமான ஃபிளாண்டர்ஸின் அரசு பாலத்தைக் கைவிட்டு சுரங்கப்பாதைக்கு மாறியது.

பாலம் போனாலும் பாதை போகவில்லை. அதே தடம், இப்போது தரைக்கடியில். இந்த இழுபறிக்கு நடுவில் 2014-ல் ரிங்லாந்து வந்தது. நகரத் திட்டமிடல் வல்லுநர் பீட்டர் வெர்மூலன் முன்வைத்த யோசனை இது: சுற்றுச்சாலையைப் பள்ளத்தில் இறக்கி, மேலே மூடி, அந்த மூடியின் மேல் பூங்காவும் வீடுகளும் அமைப்பது, ஊரைக் கடந்து போகும் வண்டிகளையும் ஊருக்குள் வரும் வண்டிகளையும் தனித்தனித் தடங்களில் பிரிப்பது. அரசு ஆய்வு செய்யும் என்று காத்திருக்காமல், பொதுமக்களிடம் ஒரு லட்சம் யூரோ வசூலித்துத் தாங்களே வல்லுநர்களை அமர்த்தி ஆய்வு நடத்தினார்கள்.

இங்கேதான் அளவு தேவைப்பட்டது. சாலையை மூடினால் காற்று எவ்வளவு மேம்படும்? சாலையிலிருந்து எத்தனை மீட்டர் வரை பாதிப்பு? உள்தெருக்களில் என்ன நிலை? அரசின் கண்காணிப்பு நிலையங்கள் தரமானவை, ஆனால் ஃபிளாண்டர்ஸ் முழுவதுக்கும் சில டஜன்தான். ஒரு நிலையம் தான் நிற்கிற இடத்தின் காற்றைச் சொல்லும். இரண்டு தெரு தள்ளி என்ன நிலை என்பதைக் கணினி மாதிரிகள்தான் சொல்ல வேண்டும். அந்த மாதிரிகளைச் சரிபார்க்கவும் தெருத் தெருவாகத் தரவு வேண்டும்.

குழாய்

நைட்ரஜன் டை ஆக்சைடை அளக்க ஒரு பழைய, எளிய கருவி உண்டு. 1970-களில் அமெரிக்காவில் எட்வர்ட் பாம்ஸ் என்பவர் உருவாக்கியது. சுமார் ஏழு சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு பிளாஸ்டிக் குழாய், அவ்வளவுதான். ஒரு முனை திறந்திருக்கும். மூடிய முனையில் ட்ரை எத்தனால் அமீன் என்ற வேதிப்பொருள் தடவிய சின்ன எஃகு வலை இருக்கும். வாயு மூலக்கூறுகள் தாமாகவே பரவி உள்ளே போய் வலையில் ஒட்டிக்கொள்ளும். மின்சாரம் வேண்டாம், பம்ப் வேண்டாம், இணையம் வேண்டாம். சில வாரம் கழித்து மூடி போட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால், அங்கே நீரில் கரைத்து, நிறம் ஏறவைத்து, அந்த நிறத்தின் அடர்த்தியைப் படிப்பார்கள். குழாயின் நீளமும் விட்டமும் தெரியும், எத்தனை நாள் திறந்திருந்தது என்பதும் தெரியும். அதிலிருந்து அந்த நாட்களின் சராசரி அடர்த்தி வந்துவிடும்.

ஏன் இந்த வாயு? நகரங்களில் அது பெரும்பாலும் வண்டிகளின் புகைபோக்கியிலிருந்து வருவது. பெல்ஜியத்தில் டீசலுக்கு நெடுங்காலம் வரிச்சலுகை இருந்தது. அலுவலகமே ஊழியருக்குக் கார் கொடுத்தால் அதற்கும் வரியில் சலுகை. இரண்டும் சேர்ந்து, 2010-களின் பெரும்பகுதியில் சாலையில் ஓடிய கார்களில் பாதிக்கும் மேல் டீசல் கார்களாக இருந்தன. ஆய்வுக்கூடச் சோதனையில் மட்டும் சுத்தமாக ஓடுகிற டீசல் கார்களைப் பற்றி 2015 செப்டம்பரில் ஃபோக்ஸ்வாகன் மோசடி வெளியான பிறகு, காகிதத்தில் இருக்கும் புகை அளவை யாரும் நம்பத் தயாராக இல்லை. தெருவில் அளந்துதான் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் இயல்பாகவே வந்தது.

2016 மே மாதம் ரிங்லாந்தும் ஃபிலிப் மைஸ்மன் உள்ளிட்ட விஞ்ஞானிகளும் சேர்ந்து நகரத்தில் 2,000 வீடுகளில் இந்தக் குழாய்களை மாட்டினார்கள். திட்டத்துக்குக் க்யூரியோஸ நோஸன் என்று பெயர். அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பவர்களை ஊர்ப்பேச்சில் அப்படிச் சொல்வார்கள்.

எல்லாரும் எதிர்பார்த்தது வரைபடத்தில் சுற்றுச்சாலையோரம் சிவப்பாக, அதாவது அளவு அதிகமாக, இருக்கும் என்று. அப்படித்தான் இருந்தது. ஆனால் சாலையிலிருந்து தள்ளி, ஊருக்குள், இருபக்கமும் இடைவெளி இல்லாமல் வீடுகள் எழுந்து நிற்கும் குறுகிய தெருக்களிலும் அளவு அதிகமாக இருந்தது. காற்று கூரைகளுக்கு மேலேயே ஓடிவிடுகிறது. கீழே தெருவுக்குள் புகை சுழன்று சுழன்று அங்கேயே தங்கிவிடுகிறது. சிக்னலில் நின்று நின்று கிளம்பும் வண்டிகள் இருந்தால் இன்னும் மோசம்.

இந்த முடிவு ரிங்லாந்துக்கு ஒருவகையில் சங்கடமானது. சாலையை மூடுங்கள் என்பது அவர்கள் கோரிக்கை. தரவோ, மூடினால் மட்டும் போதாது, ஊருக்குள் கார்களையே குறைக்க வேண்டும் என்று சொல்கிறது. அவர்கள் அதை மறைக்கவில்லை, கோரிக்கையோடு சேர்த்துக்கொண்டார்கள். தங்களுக்குச் சாதகமான எண்ணை மட்டும் பொறுக்கியிருந்தால் அடுத்த கட்டத்தில் பல்கலைக்கழகமோ அரசோ அவர்களோடு நின்றிருக்காது என்பது என் கணிப்பு.

இதற்கிடையில் அரசியலும் நகர்ந்தது. 2017 பிப்ரவரி 1 முதல் பழைய டீசல் வண்டிகளைத் தடுக்கும் குறைபுகை மண்டலத்தை ஆன்ட்வெர்ப் நடைமுறைப்படுத்தியது. எண் பலகையைப் படிக்கும் கேமராக்கள் கண்காணித்தன. அதே ஆண்டு மார்ச் 15-ல் அரசும் நகராட்சியும் மூன்று குடிமக்கள் இயக்கங்களும் ஒரு மேஜையில் உட்கார்ந்து உடன்படிக்கை செய்துகொண்டன. எதிர்கால உடன்படிக்கை என்று அதற்குப் பெயர். ஓஸ்டர்வேல் இணைப்பு வரும், ஆனால் அடக்கமான வடிவில். ஊரைக் கடந்து போகும் போக்குவரத்து வடக்கே துறைமுகப் பக்கமாகத் திருப்பப்படும். சுற்றுச்சாலை படிப்படியாக மூடப்படும், அதற்கும் சுற்றியுள்ள வாழ்க்கைத்தர மேம்பாட்டுக்கும் முதல் கட்டமாக 125 கோடி யூரோ. இயக்கங்கள் தங்கள் வழக்குகளைக் கைவிடும். இன்னொரு இலக்கும் இருந்தது: ஆன்ட்வெர்ப் பகுதியில் பயணங்களில் காரின் பங்கு அதிகபட்சம் பாதியாக இருக்க வேண்டும், மீதிப் பாதி சைக்கிள், நடை, பொதுப் போக்குவரத்து.

இருபதாயிரம் ஜன்னல்கள்

அடுத்த கட்டம் ஃபிளாண்டர்ஸ் மாநிலம் முழுவதும். ஆன்ட்வெர்ப் பல்கலைக்கழகத்தோடு அரசின் சுற்றுச்சூழல் முகமையும் டி ஸ்டாண்டார்ட் நாளிதழும் சேர்ந்துகொண்டன. அழைப்பு விட்டதும் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் பெயர் கொடுத்தார்கள். அவர்களிலிருந்து 20,000 இடங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. முதலில் வந்தவருக்கு முதலில் என்று கொடுக்கவில்லை. நகரம், சிற்றூர், கிராமம், பரபரப்பான சாலை, அமைதியான சந்து என்று எல்லா வகையும் வருமாறு பரப்பினார்கள். பங்கேற்றவர்கள் தலைக்கு 10 யூரோ கட்டினார்கள்.

வடிவமைப்பில் இருந்த ஒரு புத்திசாலித்தனத்தைச் சொல்லியே ஆக வேண்டும். பெல்ஜியத்தில் வீடு விற்பனைக்கு என்றால் தெருப்பக்க ஜன்னலில் இரண்டு பக்கமும் படிக்கும்படி முக்கோணமாக மடித்த ஒரு பலகையை மாட்டுவார்கள். அதே மாதிரிப் பலகையைத்தான் இவர்களும் பயன்படுத்தினார்கள். குழாய்கள் அதற்குள் மழை, வெயில், காற்று படாமல் பாதுகாப்பாக இருந்தன. எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி மாட்டப்பட்டதால் ஒப்பிட முடிந்தது. தெருவில் போகிறவர்களுக்கு அதுவே விளம்பரமாகவும் ஆனது. 2018 மே மாதம் நான்கு வாரம் மாநிலமெங்கும் இந்தப் பலகைகள்தான்.

தரத்துக்காகச் செய்த காரியங்கள் அவ்வளவு கவர்ச்சியானவை அல்ல. ஆனால் திட்டத்தின் உயிர் அங்கேதான். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குழாய் அல்ல, இரண்டு. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் அந்த அளவு சந்தேகத்துக்குரியது. அரசின் அதிகாரபூர்வ நிலையங்களின் பக்கத்திலும் இதே குழாய்களை மாட்டி, விலையுயர்ந்த கருவி காட்டும் எண்ணோடு ஒப்பிட்டுத் திருத்தினார்கள். இன்னொரு சிக்கலும் இருந்தது. சட்டம் சொல்வது ஆண்டு சராசரி. குழாய் இருந்தது நான்கு வாரம், அதுவும் வசந்த காலத்தில். குளிர்காலத்தில் இந்த வாயு பொதுவாகக் கூடுதலாக இருக்கும். மே மாத அளவுக்கும் முழு ஆண்டு அளவுக்கும் உள்ள விகிதத்தை நிலையங்களின் தொடர் பதிவிலிருந்து எடுத்து, ஒவ்வொரு வீட்டின் எண்ணையும் ஆண்டு சராசரியாக மாற்றினார்கள். இந்த மாற்றத்தில் கொஞ்சம் பிழை வரத்தான் செய்யும். அதையும் சொல்லித்தான் வெளியிட்டார்கள்.

முடிவுகள் அதே ஆண்டு செப்டம்பர் கடைசியில் வந்தன. அக்டோபர் 14 உள்ளாட்சித் தேர்தல். ஒவ்வொரு ஊரிலும் வேட்பாளர்கள் வாக்குக் கேட்டுப் போகிற தெருவின் புள்ளி என்ன நிறம் என்பது வரைபடத்தில் இருந்தது. இது தற்செயலா திட்டமா என்பது எனக்கு முக்கியமில்லை. மக்கள் தரவு அரசியலில் உறைக்க வேண்டுமென்றால் அது வெளிவரும் வாரமும் முக்கியம்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் அன்றைய வரம்பு ஆண்டு சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம். (இந்தியாவில் குடியிருப்புப் பகுதிகளுக்கான ஆண்டு வரம்பும் இதே 40தான்.) அளந்த இடங்களில் 2.3 சதவீதம் அதைத் தாண்டியிருந்தன. கேட்பதற்குச் சின்ன எண். ஆனால் அதிகாரபூர்வ நிலையங்கள் காட்டிய மீறல்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களில்தான். இப்போது பெரிய நகரங்கள் மட்டுமல்லாமல் சிற்றூர்களின் பிரதான சாலைகளிலும் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன. ஒரே தெருவில் சிக்னலுக்குப் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் இருக்கும் வீட்டுக்கும் கணிசமான வித்தியாசம். "எங்கள் ஊர்க் காற்று" என்று ஒரே எண்ணில் பேசுவது எவ்வளவு பொருந்தாதது என்பது இதற்கு முன் இவ்வளவு தெளிவாக யாருக்கும் தெரிந்ததில்லை.

அரசு பயன்படுத்திவந்த தெரு அளவிலான கணினி மாதிரியையும் பிறகு இந்தத் தரவோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பொதுவில் அது நன்றாகவே பொருந்தியது. எங்கே பொருந்தவில்லையோ அங்கே மாதிரியைச் செம்மைப்படுத்த இந்தத் தரவு உதவியது. மக்கள் அளந்தால் அரசின் கணக்குப் பொய்யென்று ஆகிவிடும் என்ற பயம் பல அதிகாரிகளுக்கு உண்டு. இங்கே அரசின் கணக்கு வலுப்பட்டது. மீறலை மறுக்கும் வழியும் அதனாலேயே அடைபட்டது.

2019 ஜூன் 26-ல் இன்னொரு பக்கத்திலிருந்தும் வழி திறந்தது. பிரஸ்ஸல்ஸ் நகரவாசிகள் சிலரும் கிளையண்ட்எர்த் என்ற சுற்றுச்சூழல் சட்ட அமைப்பும் தொடுத்த வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கண்காணிப்பு நிலையங்கள் சட்டப்படி சரியான இடங்களில் வைக்கப்பட்டுள்ளனவா என்று குடிமக்கள் நீதிமன்றத்தில் கேட்கலாம். வரம்பு மீறப்பட்டதாகச் சொல்ல, ஒரே ஒரு நிலையத்தின் ஆண்டு அளவு போதும், பல நிலையங்களைச் சேர்த்துச் சராசரி எடுத்து மழுப்ப முடியாது. எங்கே அளப்பது என்பதும் சட்டத்தின் கேள்வி ஆனது. குழாய் கட்டியவர்கள் பல வருடமாகச் சொல்லிவந்ததும் அதுதானே.

கடலூரை நினைத்துப் பார்க்கிறேன். 2004-ல் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள கிராம மக்கள், கலிஃபோர்னியாவின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் உருவாக்கிய முறையைக் கற்று, பிளாஸ்டிக் வாளிக்குள் பை வைத்துக் காற்றைப் பிடித்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். நாற்றம் எப்போது, எந்தப் பக்கமிருந்து வந்தது என்று எழுதிவைத்தார்கள். அவர்கள் பிடித்த காற்றில் இருந்த வேதிப்பொருள்கள் பலவற்றுக்கு அன்று இந்தியாவில் காற்றுத் தரவரம்பே கிடையாது. பென்சீனுக்கு வரம்பு வந்தது 2009-ல்தான். ஆன்ட்வெர்ப்காரர்களுக்கு ஒரு வரம்பு கையில் இருந்தது, அதை மீறியதா இல்லையா என்று காட்டினால் போதும். பல்கலைக்கழகமும் அரசு முகமையும் கூட நின்றன. கடலூர்க்காரர்கள் அளவையும் தாங்களே எடுத்து, அதை எதோடு ஒப்பிடுவது என்ற கேள்வியையும் தாங்களே எழுப்ப வேண்டியிருந்தது. ஆன்ட்வெர்ப் முறையை அப்படியே எடுத்து வேறு ஊரில் வைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

யார் வீட்டு ஜன்னல்?

இருபதாயிரம் ஜன்னல்களும் விரும்பி வந்தவர்களின் ஜன்னல்கள். விரும்பி வருகிறவர்கள் பெரும்பாலும் படித்தவர்கள், நாளிதழ் படிக்கிறவர்கள், நாட்டு மொழி நன்றாகத் தெரிந்தவர்கள். வாடகைக் குடியிருப்பில் மூன்றாம் மாடியில் இருக்கும் குடியேறிய குடும்பம், தெருப்பக்க ஜன்னலே இல்லாத வீடு, இரவு வேலைக்குப் போகிறவர்கள் இந்த வரைபடத்தில் குறைவு. ஆன்ட்வெர்ப்பில் சுற்றுச்சாலையை ஒட்டி வாழ்பவர்களில் கணிசமானவர்கள் இவர்கள்தான். இதைத் திட்டத்தின் பெரிய குறை என்றே சொல்வேன். காற்றை அளந்த அளவுக்கு அதைச் சுவாசிப்பவர்களை அந்த வரைபடம் பிரதிநிதித்துவம் செய்யவில்லை.

2021 இலையுதிர் காலத்தில் பிரஸ்ஸல்ஸில் இதே முறையில் 3,000 இடங்களில் அளந்தபோது இதைச் சரிசெய்யப் பார்த்தார்கள். உள்ளூர்ச் சமூக அமைப்புகள் மூலம் ஆட்களைத் தேடிப் போனார்கள். அப்போதுதான் நகரத்தின் ஏழைப் பகுதிகளில் காற்று மோசமாகவும் பணக்காரப் பகுதிகளில் நல்லதாகவும் இருப்பது எண்களாக நின்றது. அதிலும் கசப்பானது, கார் குறைவாக வைத்திருக்கும் குடும்பங்கள் வாழும் தெருக்களில் கார்ப்புகை அதிகம். அதே செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் தன் பரிந்துரையை 40-லிருந்து 10 மைக்ரோகிராமாகக் குறைத்திருந்தது. அந்த அளவுகோலில் பார்த்தால் பிரஸ்ஸல்ஸில் அளந்த இடங்களில் ஏறக்குறைய எல்லாமே மேலே.

வண்டிகளை எண்ணியவர்கள்

காற்றை அளந்தவர்கள் அதோடு நிற்கவில்லை. உடன்படிக்கை கையெழுத்தானதும் ஒரு கேள்வி வந்தது. காரின் பங்கு பாதியாகக் குறையும் என்று எழுதியிருக்கிறது, சரி. குறைகிறதா என்று யார் பார்ப்பது? நெடுஞ்சாலைகளில் அரசின் எண்ணும் கருவிகள் உண்டு. வீட்டுத் தெருக்களில் கிடையாது.

அதற்காகப் பிறந்தது ஸ்ட்ராட்ஃபின்கன். ஆண்டுக்கு ஒருமுறை, மே மாதத்தில் ஒரு வியாழக்கிழமை மாலை 5 மணியிலிருந்து 6 மணி வரை, ஆயிரக்கணக்கானவர்கள் தங்கள் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தெருவில் போவதை எண்ணுகிறார்கள். கார், வேன், லாரி, பஸ், சைக்கிள், நடப்பவர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. இது ரிங்லாந்தும் ஆன்ட்வெர்ப் பல்கலைக்கழகமும் சேர்ந்து தொடங்கியது, பிறகு மாநிலம் முழுவதும் பரவியது. கருவி என்று பார்த்தால் பேனாவும் தாளும்தான். ஆனால் எல்லாரும் ஒரே மணி நேரத்தில் எண்ணுவதால் தெருவோடு தெருவை, ஆண்டோடு ஆண்டை ஒப்பிடலாம். இந்த நிகழ்வு முழுவதிலும் எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான். உடன்படிக்கை போட்ட பிறகு பெரும்பாலான இயக்கங்கள் கலைந்துவிடும். இவர்கள் உடன்படிக்கையின் ஒரு வாக்கியத்தை எடுத்து, அதை ஆண்டுதோறும் சரிபார்க்க ஒரு வழியைக் கண்டுபிடித்தார்கள்.

ஒரு மணி நேரம் போதாது என்று நினைத்தவர்களுக்கு 2019-ல் லூவன் நகரிலிருந்து டெல்ராம் வந்தது. கைக்கு அடக்கமான ஒரு மலிவுக் கணினி, அதில் ஒரு சின்னக் கேமரா; ஜன்னலில் உள்பக்கமாக ஒட்டினால் பகல் முழுவதும் எண்ணும். படத்தைச் சேமிப்பதில்லை, எண்ணிக்கையை மட்டும் அனுப்புகிறது. காரின் வேகத்தையும் மதிப்பிடும். குறைந்த வெளிச்சத்தில் எண்ணாது என்பது முதல் தலைமுறைக் கருவியின் பெரிய குறை. குளிர்காலத்தில் ஐரோப்பாவில் காலை நெரிசலும் மாலை நெரிசலும் இருட்டில்தான் நடக்கின்றன. பிறகு டப்ளின், கார்டிஃப், மாட்ரிட், லியூப்லியானா நகரங்களிலும் ஓர் ஐரோப்பியத் திட்டத்தின் கீழ் இதைப் பயன்படுத்தினார்கள்.

புகையை மட்டும் அளந்தால், நகராட்சி பதில் சொல்ல எளிதான வழிகள் நிறைய உண்டு. வானிலை, பக்கத்து நாட்டுத் தொழிற்சாலை, வீட்டு விறகடுப்பு என்று எதையாவது காட்டலாம். புகையோடு சேர்த்து "எங்கள் தெருவில் மாலை ஐந்திலிருந்து ஆறு வரை இத்தனை கார், அதில் பெரும்பாலும் குறுக்கு வழி தேடி வருபவை" என்று வைத்தால் பேச்சு அந்தத் தெருவை விட்டு நகராது. ஒருவழியாக்குவதா, கார் புகாதபடி கம்பம் நடுவதா, பள்ளி நேரத்தில் மூடுவதா என்ற கேள்விக்கு வந்து நிற்கும். 2018 மார்ச்சில் பல பள்ளிகளின் பெற்றோர் வெள்ளிக்கிழமை காலைகளில் காபி மேஜைகளைச் சாலையில் போட்டுப் பள்ளித் தெருக்களை மறித்தார்கள். பள்ளி வாசல்களில் காற்றின் அளவுகள் அப்போது வெளிவந்திருந்தன. பள்ளி தொடங்கும், முடியும் நேரங்களில் காரை அனுமதிக்காத தெருக்கள் அதன்பின் பெல்ஜியத்தில் பெருகின.

குழாயில் சிக்காதது

இந்தக் கதையில் சொல்லாமல் விடக்கூடாத ஒரு பகுதி இருக்கிறது. ஓஸ்டர்வேல் வேலைகள் 2018-ல் ஆற்றின் மேற்குக் கரையில் தொடங்கின. அங்கே ஸ்வைன்ட்ரெக்ட் என்ற இடத்தில் 3எம் நிறுவனத்தின் தொழிற்சாலை இருக்கிறது. அது பல்லாண்டுகள் தயாரித்த ஃப்ளூரின் சேர்மங்கள், பிஎஃப்ஏஎஸ் என்று சுருக்கமாகச் சொல்லப்படுபவை, சுற்றுவட்டார மண்ணில் ஊறியிருந்தன. இயற்கையில் எளிதில் சிதையாத பொருள்கள் அவை. சாலைக்காகத் தோண்டிய மண்ணில் அவை இருப்பது திட்ட நிர்வாகத்துக்கும் நிறுவனத்துக்கும் தெரிந்திருந்தது. பொதுமக்களுக்கு 2021-ல்தான் தெரியவந்தது, அதுவும் ஆவணங்களைத் துருவிப் பார்த்த குடிமக்களின் முயற்சியால்.

தொழிற்சாலையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் வாழும் ஏறக்குறைய 800 பேரிடம் ரத்தப் பரிசோதனை செய்ததில் பெரும்பான்மையோருக்கு இந்தச் சேர்மங்கள் அதிகமாக இருந்தன. வீட்டுக் கோழியின் முட்டையைச் சாப்பிட வேண்டாம் என்று அரசு அறிவுறுத்தியது. சட்டமன்றம் விசாரணைக் குழு அமைத்தது. 2022 ஜூலையில் 3எம் 57.1 கோடி யூரோ தர ஒப்புக்கொண்டது.

காற்றுக்காகப் போராடி, அளந்து, பேசி, உடன்படிக்கை வரை வந்த அதே சாலைத் திட்டத்தின் மண்ணில் இது இருந்திருக்கிறது. அவர்கள் கவனக்குறைவாக இருந்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். நைட்ரஜன் டை ஆக்சைடுக் குழாய் நைட்ரஜன் டை ஆக்சைடை மட்டும் பிடிக்கும். நுண்துகளைக்கூட அது காட்டாது. மலிவாக அளக்க முடிகிற ஒன்றைச் சுற்றி இயக்கம் வளரும்போது, அளக்க முடியாதவை பேச்சிலிருந்து நழுவிவிடும் ஆபத்து உண்டு. அங்கே உதவியது கருவி அல்ல; தகவல் கேட்கும் உரிமையும், பக்கம் பக்கமாக ஆவணம் படிக்கும் பொறுமையும். கண்காணிப்புக் குழு தொடங்குகிறவர்கள் ஒருவரையாவது அந்த வேலைக்கு ஒதுக்க வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் புதிய காற்றுச் சட்டம் கொண்டுவந்தது. 2030-க்குள் நைட்ரஜன் டை ஆக்சைடு வரம்பு 40-லிருந்து 20 மைக்ரோகிராமாகக் குறைகிறது. ஓஸ்டர்வேல் இணைப்பின் ஷெல்ட் ஆற்றுச் சுரங்கப்பாதையும் அதே ஆண்டைக் குறிவைத்துத்தான் கட்டப்பட்டுவருகிறது. 2018-ல் பலகை மாட்டிய ஜன்னல்களின் முகவரிகளும் அளவுகளும் பத்திரமாக இருக்கின்றன. சுரங்கம் திறந்து ஓர் ஆண்டு கழித்து, அதே ஜன்னல்களில், அதே மே மாதத்தில் மறுபடி குழாய் கட்ட வேண்டும். சுற்றுச்சாலையோரம் முதல் தடவை விட்டுப்போன வாடகைக் குடியிருப்புகளையும் இந்த முறை சேர்த்து.